கையில ஊசி... இடுப்புல பாட்டில்... வீட்டுலயே ஆஸ்பத்திரி!

‘‘டேய், மெதுவாக் கதவைத் தட்டச் சொல்லுடா... வார்டன் முழிச்சிருக்காரு!’’

காலை ஆறே முக்கால் மணி. ஹாஸ்டல் காரிடார்ல பூனை மாதிரி ஒருத்தர் நடந்து வர்றார். கையில ஒரு மஞ்சப் பை. பையைத் திறந்தா சிரிஞ்ச், சின்ன மருந்துக் குப்பி, சலைன் பாட்டில், பஞ்சு. கட்டில்ல உட்கார்ந்திருக்கான் என் ரூம்மேட். இடது புறங்கையில பிளாஸ்டர் போட்டு ஒட்டின வென்ஃப்ளான். ஜன்னல் கம்பியில கொசுவலை மாட்டற கொக்கியில பாட்டில் தொங்குது. சொட்டு... சொட்டு... சொட்டு. அரை மணி நேரம். முடிஞ்சதும் வந்தவர் கிளம்பிடுவார். ரூம்மேட் வலது கையால பல் தேய்ச்சுட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கிட்டு முதல் பீரியட் கிளாஸுக்கு ரெடி!

ஏதோ தப்புத் தண்டா நடக்குதுன்னு எதிர் ரூம் பசங்க ஒரு வாரம் நம்மளைச் சந்தேகமாப் பார்த்தாங்க. நடந்தது என்னவோ சுத்தமான வைத்தியம். அதுக்கு உலகம் முழுக்க ஒரு பேர் இருக்குன்னு அப்போ எங்களுக்குத் தெரியாது. ‘ஓபாட்’. ஆஸ்பத்திரியில படுக்காமலே, ரத்தக்குழாய் வழியா ஆன்ட்டிபயாடிக் மருந்து ஏத்திக்கிற முறை. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவுல எல்லாம் இதுக்குத் தனி டீம், தனி நர்ஸ், தனி ரூல்ஸ். நமக்கு? கொசுவலைக் கொக்கி!

மேட்டர் இதுதான். மூணாம் வருஷம் படிக்கும்போது பைக்ல போய் விழுந்தான் நம்மாளு. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் பண்ணி பிளேட் வச்சாங்க. ரெண்டு மாசம் கழிச்சு, தையல் போட்ட இடத்துல சீழ். எலும்புக்குள்ளேயே கிருமி போயிருச்சுன்னு சொன்னாங்க. மறுபடி ஆபரேஷன், சுத்தம் பண்ணி, கல்ச்சர் டெஸ்ட் எடுத்து, கடைசியா டாக்டர் சொன்ன வார்த்தை: ‘‘ஆறு வாரம் ஊசி போடணும்.’’

ஆறு வாரம்னா 42 நாள். 1008 மணி நேரம். கோயில்ல சங்காபிஷேகம் பண்ற நம்பர்! ஆனா மருந்து உள்ளே போறது ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை, அரை மணி நேரம். மொத்தக் கணக்கு போட்டா 21 மணி நேரம்தான். மிச்சம் 987 மணி நேரம் என்ன வேலை? ஃபேனைப் பார்க்கற வேலை. ரூம் வாடகை தனி, கேன்டீன் தனி, கட்டிலுக்குக் கீழே பாய் விரிச்சுப் படுத்திருக்கற அம்மா தனி. பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து வந்தவங்க அந்த அம்மா. ‘‘மாட்டைப் பக்கத்து வூட்டுல கட்டிட்டு வந்தேன்ப்பா... பால் வத்திப் போயிருக்கும்’’னு தினமும் ஒரு தடவை சொல்லுவாங்க. மகனுக்கு அட்டெண்டன்ஸ் கவலை, அவங்களுக்கு மாட்டுக் கவலை. பன்னிரண்டாம் நாள் அவனே டாக்டர்கிட்ட கேட்டுட்டான்: ‘‘சார், இந்த ஊசியை ஹாஸ்டல்ல வச்சுப் போட்டுக்கக் கூடாதா?’’

மாத்திரை போதாதா?

எல்லாருக்கும் வர்ற டவுட்டுதான் இது. காய்ச்சலுக்கு மாத்திரை போடறோம், பல்வலிக்கு மாத்திரை போடறோம். சில வியாதிக்கு மட்டும் ஏன் ட்ரிப்ஸ்தான் வேணும்னு அடம் பிடிக்கிறாங்க?

சில மருந்துகளுக்கு வயிறு ஆகாது. பழைய பென்சிலின்-ஜி வயித்து அமிலத்துலயே சிதைஞ்சு போயிடும். ஜென்டாமைசின், வான்கோமைசின் ரெண்டையும் முழுங்கினா குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போகவே போகாது. வந்த வழியே வெளியே போயிடும். அதோட எலும்பு, இதய வால்வு மாதிரி இடங்கள்ல கிருமி உட்கார்ந்துட்டா, அங்கே மருந்து போதுமான அளவு போய்ச் சேர்றதே கஷ்டம். அதனால ‘அதிகமா, நேரா, நாள்கணக்கா ரத்தத்துல விடு’ங்கறது பல வருஷமா டாக்டர்களோட சூத்திரம்.

இந்தச் சூத்திரம் பிறந்த ஊர் இங்கிலாந்துல இருக்கற ஆக்ஸ்ஃபோர்டுன்னு சொன்னாத் தப்பில்ல. 1941 பிப்ரவரி 12. அங்கே ராட்க்ளிஃப் இன்ஃபர்மரி ஆஸ்பத்திரியில ஆல்பர்ட் அலெக்ஸாண்டர்னு ஒரு போலீஸ்காரர். முகத்துல ஆரம்பிச்ச புண் உடம்பெல்லாம் பரவி, ஒரு கண்ணையே எடுத்தாச்சு. ஃப்ளோரி, செயின், ஹீட்லி கோஷ்டி லேப்ல தட்டுமுட்டுச் சாமான்களை வச்சுக் கஷ்டப்பட்டுப் பிரிச்செடுத்த பென்சிலினை வைத்தியத்துக்காக முதன்முதலா அவருக்குத்தான் ரத்தக்குழாய்ல ஏத்தினாங்க. சில நாள்ல காய்ச்சல் இறங்கி, மனுஷன் சாப்பிடவே ஆரம்பிச்சுட்டார். பிரச்னை என்னன்னா, பென்சிலின் ரத்தத்துல தங்காது. அரை மணி நேரத்துல பாதி காணாமப் போயிடும். சிறுநீர்ல வெளியேறிடும். மூணு மணிக்கு ஒரு தடவை மறுபடி மறுபடி ஏத்தணும். மருந்தோ ஒரு கைப்பிடி கூட இல்லை. அதனால அவரோட சிறுநீரைச் சேகரிச்சு, சைக்கிள்ல லேபுக்குக் கொண்டு போய், அதுல இருந்து மறுபடி பென்சிலினைப் பிரிச்சு, மறுபடி அவருக்கே போட்டாங்க! அப்படியும் தீர்ந்து போச்சு. மார்ச் 15ம் தேதி அவர் இறந்துட்டார்.

கதை சோகம்தான். ஆனா ஒரு விஷயம் கவனிங்க. மூணு மணிக்கு ஒரு ஊசி போட வேண்டிய மருந்தை வச்சுக்கிட்டு எவனாலயும் வீட்டுக்குப் போக முடியாது. ஆன்ட்டிபயாடிக் ஊசின்னா ஆஸ்பத்திரி பெட்டுங்கற முடிச்சு அங்கேயே விழுந்துருச்சு.

அந்த முடிச்சை அவிழ்த்தது, நிதானமா வெளியேற்ற மருந்துகள். 1980கள்ல வந்த செஃப்ட்ரியாக்ஸோன் அதுல பெரிய தல. நம்மூர் டைபாய்டு வார்டுல தினமும் காதுல விழுற பேர். பாதி மருந்து ரத்தத்தை விட்டுப் போகவே ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். அதனால பல வியாதிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரே வேளை போதும். இப்போ டால்பவான்சின்னு ஒண்ணு இருக்கு. 2014ல அமெரிக்காவுல தோல் நோய்த்தொற்றுக்கு அனுமதி வாங்கினது. ஒரு தடவை போட்டா ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை. போலீஸ்காரர் அலெக்ஸாண்டர் கேட்டிருந்தா நம்பியிருக்க மாட்டார்.

1974ல ஆரம்பிச்ச ஆட்டம்

முதல் முதலா இதை எழுதி வச்சது அமெரிக்காவுல. 1974ல ரக்கர், ஹாரிசன்னு ரெண்டு டாக்டர்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு ஒரு பரம்பரை நோய். நுரையீரல்ல கெட்டியாச் சளி சேர்ந்து, திரும்பத் திரும்பக் கிருமி வரும். அந்தக் குழந்தைகளுக்குப் பாதி பிள்ளைப்பருவம் வார்டுலயே போயிடும். ‘வீட்டுலயே வச்சு ஊசி மருந்து கொடுத்தா என்ன?’ன்னு யோசிச்சாங்க. கொடுத்தாங்க. முடிஞ்சது. பசங்க ஸ்கூலுக்குப் போனாங்க.

அடுத்த வருஷம், 1975ல ஹோஷல்ங்கற டாக்டர் ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாயைக் கை வழியா உள்ளே விடற வித்தையை எழுதினார். இன்னைக்கு ‘பிக் லைன்’னு சொல்றாங்களே, அதோட தாத்தா. முழங்கைக்கு மேலே ஒரு ரத்தக்குழாயைப் பிடிச்சு, அதுல நூல் மாதிரி ஒரு குழாயை உள்ளே தள்ளிக்கிட்டே போவாங்க. தோள், கழுத்தடின்னு சுத்தி இதயத்துக்கு மேலே இருக்கற பெரிய ரத்தக்குழாய்ல போய் நிக்கும் அதோட நுனி. கேட்கவே வயித்தைக் கலக்குதா? மரத்துப் போற ஊசி போட்டு, ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே செய்வாங்க. நுனி சரியான இடத்துல நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் மருந்து ஏத்துவாங்க.

எதுக்கு இவ்வளவு நீளம்? புறங்கையில குத்தற வென்ஃப்ளான் சின்ன ரத்தக்குழாய்ல நிக்குது. காரமான மருந்தை அதுல விட விட, குழாய் வீங்கிச் சிவந்து, மூணு நாலு நாள்ல ‘போதும் சாமி’ன்னுடும். அடுத்த இடம் குத்தணும். அப்புறம் அடுத்த இடம். ‘நரம்பு கிடைக்கல’ன்னு நர்ஸ் தட்டித் தட்டித் தேடுவாங்களே, அந்தக் கட்டம் வரும். (நம்ம ஊர்ல நரம்புன்னு சொல்றது ரத்தக்குழாயைத்தான். எந்த டாக்டரும் இதைத் திருத்தி ஜெயிச்சதில்லை!) பிக் லைன் நுனி நிக்கற இடத்துல ரத்தம் ஆறு மாதிரி ஓடும். மருந்து விழுந்த உடனே கரைஞ்சுடும். வாரக்கணக்கா அப்படியே இருக்கும். பதிலுக்கு நாம சில விஷயம் செய்யணும். வாரம் ஒரு தடவை கட்டு மாத்தணும். குளிக்கும்போது நனையக் கூடாது. அந்தக் கையில பி.பி. பார்க்கக் கூடாது. மருந்து போட்டு முடிச்சதும் சலைன் விட்டுக் கழுவி விடணும், இல்லேன்னா அடைச்சுக்கும்.

தண்ணி பலூன் டெக்னிக்

நாளைக்கு ஒரு வேளை போதாத மருந்துகளும் இருக்கே, அதுக்கு? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐட்டம் வருது. ‘எலாஸ்டோமெரிக் பம்ப்.’ பேர்தான் பயமுறுத்துது. ஹோலி பண்டிகைக்கு வட இந்தியப் பசங்க ஹாஸ்டல் மாடியில இருந்து தண்ணி பலூன் போடுவாங்களே... அதே சயின்ஸ்!

குழந்தைக்குப் பால் கொடுக்கற பாட்டில் சைஸுல ஒரு பிளாஸ்டிக் குடுவை. உள்ளே ரப்பர் பலூன். பலூனுக்குள்ளே 24 மணி நேரத்துக்கான மருந்து. பலூன் சுருங்கணும்னு பார்க்கும். சுருங்கற வேகத்துல மருந்து மெல்ல மெல்ல குழாய்ல போகும். வழியில முடி மாதிரி ஒரு குறுகலான குழாய் இருக்கறதால வேகம் கட்டுப்பாட்டுல இருக்கும். பேட்டரி கிடையாது, கரன்ட் கிடையாது, ‘பீப் பீப்’ சத்தம் கிடையாது. பவர்கட் ஆனாலும் அது பாட்டுக்கு வேலை பார்க்கும். இடுப்புல ஒரு பையில போட்டுக்கிட்டு பஸ்ல போகலாம், கிளாஸ்ல உட்காரலாம்.

இந்த பலூனை வச்சு வெளுத்து வாங்கற ஊர் ஒண்ணு சொல்றேன். ஆஸ்திரேலியாவோட வட முனையில இருக்கற டார்வின். நம்மூர் மாதிரியே வெயில், மழைக்காலம். அங்கே மழை ஆரம்பிச்சா மெலியாய்டோசிஸ்னு ஒரு நோய் தலை தூக்கும். மண்ணுலயும் தேங்கின தண்ணியிலயும் இருக்கற கிருமி. சர்க்கரை வியாதிக்காரங்களைக் குறி வச்சு அடிக்கும். நுரையீரல், கல்லீரல், எலும்புன்னு எங்கே வேணும்னாலும் சீழ் கட்டும். குறைஞ்சது பத்து, பதினாலு நாள் ஊசி மருந்து ஏத்தியே ஆகணும். எலும்புல இறங்கியிருந்தா இன்னும் பல வாரம். அப்புறம் மூணு மாசம் மாத்திரை. ராயல் டார்வின் ஆஸ்பத்திரியில அபாயக் கட்டம் தாண்டினவங்களுக்குக் கையில பிக் லைன், இடுப்புல 24 மணி நேர பலூன், உள்ளே செஃப்டாசிடைம் மருந்துன்னு கட்டி வெளியே அனுப்பினாங்க. தினமும் நர்ஸ் வந்து பலூனை மாத்துவாங்க. அந்த அனுபவத்தை 2004லயே மருத்துவ இதழ்ல எழுதினாங்க.

இதுல நமக்கு என்ன சம்பந்தம்னா, இந்த நோய் இந்தியாவுலயும் இருக்கு. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் இதைப் பத்திப் பல கட்டுரை எழுதியிருக்காங்க. வயல் வேலை பார்க்கற, சர்க்கரை இருக்கற ஒரு விவசாயி ஆறு வாரம் ஆஸ்பத்திரியில படுத்தா அந்தப் பட்டம் என்ன ஆகும்? டார்வின் வைத்தியம் நம்ம ஊருக்கே அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு. ஒரு சிக்கல்... வெயில். சூடு ஏறினா பலூன்ல மருந்து ஓடற வேகமும் கூடும். சில மருந்து கலக்கி வச்சு சில மணி நேரத்துலயே வீரியம் இழக்கும். மெரோபெனெம் அந்த ரகம். மே மாசம் கத்திரி வெயில்ல, ஓட்டு வீட்டுல, இடுப்புல 24 மணி நேரம் எந்த மருந்தைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாதுன்னு கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு பார்மசிஸ்ட் வேணும். பிரிட்டன்ல இதுக்கான சங்கம் 2012லயும் 2019லயும் வெளியிட்ட வழிகாட்டிகள்ல டீம்ல யார் யார் இருக்கணும்னே எழுதி வச்சிருக்காங்க. நோய்த்தொற்று பத்தித் தெரிஞ்ச டாக்டர், இதுக்குன்னே பயிற்சி எடுத்த நர்ஸ், ஆன்ட்டிபயாடிக் தெரிஞ்ச பார்மசிஸ்ட். வாரா வாரம் ரத்த டெஸ்ட். கிட்னி, கல்லீரல் சரியா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க. புது மருந்தோட முதல் டோஸை ஆட்கள் பக்கத்துல இருக்கும்போதுதான் போடுவாங்க. அலர்ஜி வந்து மூச்சு அடைச்சா நிமிஷக் கணக்கு.

அப்புறம் ஒரு போன் நம்பர். 24 மணி நேரமும் யாராவது எடுக்கற நம்பர். இதைத் தனியாச் சொல்லக் காரணம் இருக்கு.

இருபத்தாறாம் நாள்

ஹாஸ்டல் ட்ரிப்ஸ் ஜோராத்தான் போச்சு. மஞ்சப் பை அண்ணன் அதே ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பார்க்கற நர்ஸ். டூட்டி முடிச்சு வீட்டுக்குப் போற வழியில நம்ம ரூம். டாக்டர் வாய் வார்த்தையாச் சொல்லிவிட்டதுதான், பேப்பர்ல எதுவும் இல்லை. ரூம்மேட் இன்டர்னல் டெஸ்ட்டை வென்ஃப்ளான் போட்ட கையால பேப்பரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு எழுதினான். எக்ஸாமினரா வந்த மேடம் அவன்கிட்ட மட்டும் அன்பா, ‘‘தண்ணி வேணுமாப்பா?’’ன்னு கேட்டாங்க. கிளாஸே பொறாமையில வெந்துச்சு.

இருபத்தாறாம் நாள் ராத்திரி கட்டில் ஆடுச்சு. நடுங்கறான். உடம்பு அனல். கையைப் பார்த்தா வென்ஃப்ளான் குத்தின இடத்துல இருந்து மேலே ஒரு சிவப்புக் கோடு. தொட்டா கயிறு மாதிரி கெட்டி. அந்த வென்ஃப்ளான் அஞ்சு நாளா அதே இடத்துல இருந்தது. ‘வேற நரம்பு கிடைக்கலைப்பா, இன்னொரு நாள் ஓட்டுவோம்’னு ஓட்டினது.

அண்ணன் நம்பருக்கு அடிச்சோம். ஸ்விட்ச்டு ஆஃப். டூட்டியில இருப்பார். ஆஸ்பத்திரி நம்பருக்கு அடிச்சோம். ‘‘பேஷன்ட் எந்த வார்டு?’’

‘‘வார்டு இல்லைங்க. ஹாஸ்டல்.’’

‘‘டிஸ்சார்ஜ் ஆயிட்டாரா? அப்ப காலையில ஓ.பி.க்கு வாங்க.’’

அவங்களைச் சொல்லியும் குத்தமில்லை. அவங்க ரிஜிஸ்டர்படி நம்மாளு பேஷன்டே கிடையாது. ஆஸ்பத்திரிக்கும் சொந்தமில்லை, வீட்டுக்கும் சொந்தமில்லை. நட்ட நடுவுல தொங்கறான், அந்த சலைன் பாட்டில் மாதிரி. ராத்திரி ஒரு மணிக்கு வார்டனை எழுப்பி உண்மையைச் சொன்னோம். திட்டப் போறார்னு நினைச்சா, லுங்கியோட ஓடி வந்து தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். (மறுநாள் திட்டினார். அது வேற!) மறுபடி அட்மிஷன். நாலு நாள். வென்ஃப்ளான் வழியாக் கிருமி உள்ளே போயிருக்குன்னாங்க. ஒரு கிருமியை ஒழிக்க வச்ச குழாய்லயே இன்னொரு கிருமி ஏறிடுச்சு!

இன்ஷூரன்ஸ் கூத்து தனி எபிசோட். வார்டுல படுத்த நாளுக்குப் பணம் உண்டு. ஹாஸ்டல்ல ஏத்தின மருந்துக்குப் பைசா கிடையாதுன்னுட்டாங்க. ‘வீட்டு சிகிச்சை’ன்னு பாலிசியில ஒரு வரி இருக்கேன்னு கேட்டா, அந்த வரிக்கு அர்த்தமே வேற. நோயாளியை நகர்த்தவே முடியாத நிலைமையில இருக்கணும், இல்லேன்னா ஆஸ்பத்திரியில ரூமே காலி இல்லாம இருக்கணும். நடந்து கிளாஸுக்குப் போற ஆளுக்கு அது பொருந்தாது! இந்த விளக்கம் நம்ம நாட்டு பாலிசிகள்ல பொதுவா இருக்கறதுதான். குறைஞ்ச செலவுல வைத்தியம் பார்த்தா பாக்கெட்ல இருந்து போகும், அதிகச் செலவுல பார்த்தா கம்பெனி கொடுக்கும். எந்த ஊர் கணக்குப் பாடம் இது?

‘வீட்டுக்கே வைத்தியம்’ங்கற யோசனை நம்ம மாநிலத்துக்குப் புதுசுன்னும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல பி.பி., சுகர் மாத்திரை மட்டுமில்ல, வீட்டுலயே வயித்து வழியா டயாலிசிஸ் பண்ணிக்கறவங்களுக்குத் திரவப் பைகளும் வீடு தேடிப் போச்சு. டயாலிசிஸையே வீட்டுல பண்ண முடியும்னா, அரை மணி நேர ட்ரிப்ஸ் என்ன பெரிய பிரம்ம வித்தையா?

கடைசியில ஒரு ட்விஸ்ட்

இத்தனை கஷ்டமும் பட்டாச்சு. இப்போ ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து ஒரு செய்தி. ஆமாம், அதே ஆக்ஸ்ஃபோர்டு!

‘எலும்புக்குள்ளே கிருமின்னா ஆறு வாரம் ஊசிதானா? மாத்திரை உண்மையிலேயே தோத்துப் போகுமா?’ன்னு அங்கே உள்ள டாக்டர்கள் ஒரு பெரிய சோதனை வச்சாங்க. பேர் ‘ஓவிவா’. பிரிட்டன் முழுக்க 26 ஆஸ்பத்திரி, 1054 நோயாளிகள். எல்லாருக்கும் எலும்பு அல்லது மூட்டுல நோய்த்தொற்று. சுத்தம் பண்ற ஆபரேஷனோ, ஊசியோ ஆரம்பிச்ச ஒரு வாரத்துக்குள்ளே குலுக்கல் மாதிரி பிரிச்சாங்க. பாதிப் பேருக்கு ஆறு வாரமும் ஊசி, மீதிப் பேருக்கு மாத்திரை. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தாங்க. 2019ல ரிசல்ட் வந்தது. ஊசி போட்டவங்கள்ல வைத்தியம் தோத்தது 14.6 சதவிகிதம். மாத்திரை போட்டவங்கள்ல 13.2 சதவிகிதம். மாத்திரை எந்த விதத்திலயும் இளைச்சது இல்லை! குழாயால வந்த தொந்தரவு ஊசிக்காரங்கள்ல 9.4 சதவிகிதம், மாத்திரைக்காரங்கள்ல 1 சதவிகிதம்தான்.

அதே 2019ல டென்மார்க்ல இருந்தும் ஒண்ணு அச்சாச்சு. இது இதய வால்வுல கிருமி உட்கார்ந்த 400 பேர். குறைஞ்சது பத்து நாள் ஊசி போட்டு, நிலைமை சீரானவங்களை மட்டும் எடுத்து, பாதிப் பேரை மாத்திரைக்கு மாத்தினாங்க. அங்கேயும் மாத்திரை சளைக்கலை.

உடனே ‘அப்ப ஊசியே வேண்டாம், மெடிக்கல் ஷாப்புல ரெண்டு மாத்திரை வாங்கிக்கலாம்’னு கிளம்பிடாதீங்க பாஸ்! கல்ச்சர் டெஸ்ட்ல எந்தக் கிருமின்னு கண்டுபிடிச்சு, எலும்புக்குள்ளே நல்லா இறங்கற மாத்திரையாப் பார்த்து, சரியான அளவுல கொடுத்தாங்க. ஒரு வேளை கூட விடாம முழுங்கணும். கடும் காய்ச்சலோட நினைவு தப்பிக் கிடக்கறவங்களுக்கு, எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுக்கறவங்களுக்கு, மாத்திரைக்கு மசியாத கிருமி வந்தவங்களுக்கு இன்னமும் ஊசிதான் கதி.

ஆனா நம்ம ஊர்ல பிரச்னை தலைகீழ். ‘ஊசி போட்டாத்தான் டாக்டர், ட்ரிப்ஸ் ஏத்தினாத்தான் பெரிய டாக்டர்’னு ஒரு நம்பிக்கை. சாதாரண ஜுரத்துக்கே, ‘ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க சார், தெம்பா இருக்கும்’னு நாமே கேட்டு வாங்கறோம். அப்படிச் சும்மா ஏத்தற ஊசிகள்ல செஃப்ட்ரியாக்ஸோன் மாதிரி மருந்தும் கலந்து போகும்போதுதான் வில்லங்கம். பாகிஸ்தான்ல சிந்து மாகாணத்து ஹைதராபாத்ல 2016ல ஒரு டைபாய்டு கிளம்பிச்சு. செஃப்ட்ரியாக்ஸோனுக்கும் அடங்கலை. மாத்திரையில அசித்ரோமைசின், ஊசியில கார்பபெனெம் ரகம்னு கைவிரல் விட்டு எண்ணற அளவு மருந்துதான் அதுக்கு மிச்சம் இருந்துச்சு. நம்ம நாட்டுலயும் 2014ல இருந்து இந்த ரக மருந்துகள் ‘ஹெச்-1’ பட்டியல்ல இருக்கு. யார் எழுதிக் கொடுத்தது, யாருக்குக் கொடுத்ததுன்னு கடைக்காரர் தனி நோட்டுல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். உங்க தெரு மெடிக்கல்ல அந்த நோட்டை என்னைக்காவது பார்த்திருக்கீங்களா? நான் கேட்டுப் பார்த்தேன். ஒரு கடையில காட்டினார். இன்னொரு கடையில, ‘‘தம்பி, நீங்க எந்த டிபார்ட்மென்ட்?’’னு டீ வாங்கிக் கொடுத்தார்.

சரி, நாளைக்கே உங்க வீட்டுல யாரையாவது வென்ஃப்ளானோட டிஸ்சார்ஜ் பண்றாங்கன்னா வாசல் தாண்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் வாயைத் திறந்து கேளுங்க. ‘இதை இப்போ மாத்திரையா மாத்த முடியாதா டாக்டர்?’ங்கறது முதல் கேள்வி. முடியாதுன்னா, யார் வந்து போடுவாங்க, கடைசித் தேதி என்ன, நடுவுல எப்போ ரத்த டெஸ்ட், இந்த வென்ஃப்ளானை எப்போ மாத்தணும்? நடுராத்திரி நடுக்கம் வந்தா, கை வீங்கினா, குத்தின இடம் சிவந்தா எந்த நம்பர்? அந்த நம்பரை அவங்க முன்னாடியே ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. அப்புறம், போட்டு முடிச்ச ஊசியைக் குப்பைக் கவர்ல போட்டுக் கட்டிடாதீங்க. காலையில அதைப் பிரிக்கறது ஒரு துப்புரவுத் தொழிலாளியோட வெறும் கை. குத்தினா ஓட்டை விழாத டப்பாவுல போட்டு, வந்த நர்ஸ்கிட்டயே திருப்பிக் கொடுக்கணும். நாங்க ஹாஸ்டல்ல ஹார்லிக்ஸ் பாட்டில் வச்சிருந்தோம். நாங்க உருப்படியாச் செஞ்ச ஒரே காரியம் அதுதான்.

நம்மாளு கதைக்கு வருவோம். அந்த நாலு நாள் அட்மிஷனுக்கப்புறம் மிச்சமிருந்த பன்னிரண்டு நாளும் என் பைக் பின்னாடி உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கே போய்ப் போட்டுக்கிட்டான். 42ம் நாள் வென்ஃப்ளானைப் பிடுங்கினப்போ, ‘‘அவ்ளோதானா அண்ணே?’’ன்னு கையைச் சொறிஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தான். கால் ஆறிடுச்சு. குளிர் காலத்துல லேசா வலிக்குமாம். அட்டெண்டன்ஸ் 71 சதவிகிதம். மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்து, ஃபைன் கட்டி, பரீட்சை எழுதி, ஒரே ஒரு அரியரோட தப்பிச்சான். மாட்டுக்குப் பால் மட்டும் அந்த ஈத்துக்குத் திரும்பவே இல்லைன்னு அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

மஞ்சப் பை அண்ணன் நம்பர் இன்னமும் அவன் போன்ல ‘ட்ரிப்ஸ் அண்ணன்’னுதான் இருக்கு. கல்யாணத்துக்குக் கூப்பிட அடிச்சப்பவும் முதல்ல ஸ்விட்ச்டு ஆஃப்! நாலாவது தடவை எடுத்தார். முகூர்த்தம் காலையில ஏழரைக்கு. நைட் டூட்டி முடிச்சு நேரா மண்டபத்துக்கு வந்தவர், முதல் வரிசையில உட்கார்ந்து, தாலி கட்டி முடியற வரைக்கும் நல்லாத் தூங்கினார்.